சுமையோடு இறங்கும்போது மட்டும் பேலட் லிஃப்ட் 50 மி.மீ. தாண்டிப் போகிறது: பிரேக்கா, டிரைவா?

கேள்வி: சங்கிலிச்சக்கரம்

வணக்கம். கீழ்தளக் கன்வேயரிலிருந்து மேல்தளக் கன்வேயருக்குப் பேலட் ஏற்றி இறக்கும் செயின் லிஃப்ட். சுமை 1 டன், கேரேஜ் எடை 500 கிலோ, எதிர் எடை கிடையாது. மோட்டார் 4 கிலோவாட், 1430 ஆர்பிஎம், டிஸ்க் பிரேக் உள்ளது. முழு வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர். முன்பு காண்டாக்டரில் (மின்காந்த சுவிட்ச்) நேரடியாக ஓடியது. இப்போது விஎஃப்டி (அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) போட்டிருக்கிறோம். தளத்துக்கு 150 மி.மீ. முன்னால் வேகக்குறைப்பு சென்சார் (5 ஹெர்ட்ஸ்), தளத்தில் நிறுத்த சென்சார். ராம்ப் (வேகம் கூட்டவும் குறைக்கவும் எடுக்கும் நேரம்) 1 விநாடி.

ஏறும்போது 2 மி.மீ.க்குள் நிற்கிறது. காலியாக இறங்கினாலும் சரி. சுமையோடு இறங்கினால் மட்டும் 40 முதல் 50 மி.மீ. தாண்டிவிடுகிறது, கன்வேயரோடு பேலட் ஒட்டவில்லை. ஏறத் தொடங்கும்போதும் ஒரு சின்ன அமுங்கல் தெரிகிறது. பிரேக் ஸ்பிரிங்கை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தோம். வித்தியாசமில்லை, பிரேக்தான் சூடாகிறது. பிரேக் லைனிங்கை (உராயும் பட்டை) மாற்றிவிடலாமா?

பதில் 1: பூட்டுமுள்

லைனிங்கைத் தொடாதீர்கள். முதலில் சுமையை இறக்கி, கேரேஜுக்கு அடியில் இயந்திரப் பூட்டு போடுங்கள். பிரேக் பிடித்திருக்கிறதே என்று அடியில் யாரும் போகக் கூடாது. மோட்டார் பிரேக் மோட்டார் தண்டைத்தான் பிடிக்கும். செயின் அறுந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 1854இல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் தூக்குமேடையின் கயிற்றை வெட்டச் செய்து காட்டியது இதைத்தான்: மேடையைத் தாங்கியது வழித்தண்டின் பற்களைக் கவ்விய தனிப் பிடிப்பான்.

அடுத்து, இறுக்கிய ஸ்பிரிங்கைப் பழைய அளவுக்கே தளர்த்துங்கள். ஸ்பிரிங் அதிகம் இறுகினால் பிரேக்கைத் திறக்கும் காயிலால் ஆர்மேச்சரை (அது இழுக்கும் இரும்புத் தட்டு) முழுதாக இழுக்க முடியாது, லைனிங் உரசிக்கொண்டே ஓடும். உங்கள் சூட்டுக்குக் காரணம் அதுதான். ஏர் கேப்பை (காயிலுக்கும் ஆர்மேச்சருக்கும் உள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் அளந்து, பிரேக் கையேட்டில் உள்ள உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். மூன்றும் சமமாக இருக்க வேண்டும். லைனிங்கில் எண்ணெய் தெரிந்தால் மட்டும் கியர்பாக்ஸ் சீல் பக்கம் போங்கள்.

யார் தாமதம் என்று கண்டுபிடிக்க மோட்டாரின் விசிறி முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோடும், பிரேக் காண்டாக்டரும், ஆர்மேச்சரும் ஒரே சட்டத்தில் தெரியும்படி போனில் 240 ஃபிரேம் வேகத்தில் வீடியோ எடுங்கள். இறங்கும்போது டிரைவ் திரையில் டிசி பஸ் வோல்டேஜையும் (டிரைவுக்குள் இருக்கும் டிசி வோல்டேஜ்) குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்மேச்சர் மூடிய பிறகும் கோடு சுற்றினால் பிரேக்கின் பிடி போதவில்லை. காண்டாக்டர் விழுந்தும் ஆர்மேச்சர் அசையாமல் நின்றால் பிரேக் மின்சுற்றில் தாமதம். நிறுத்த சென்சாருக்கு வரும்போதே கோடு வேகமாகச் சுற்றினால் தவறு டிரைவில்.

சங்கிலிச்சக்கரம்

பார்த்தாயிற்று. ஏர் கேப் மூன்று இடத்திலும் 0.35 மி.மீ., கையேட்டு உச்சத்துக்குள்தான் இருக்கிறது. எண்ணெய் இல்லை. ஆர்மேச்சர் மூடியதும் கோடு உடனே நின்றுவிடுகிறது. ஆனால் காண்டாக்டர் விழுந்து 52 ஃபிரேம் கழித்துத்தான் ஆர்மேச்சர் மூடுகிறது. பஸ் வோல்டேஜ் சும்மா இருக்கும்போது 565. சுமையோடு இறங்கி வேகம் குறையும்போது 720க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. நிறுத்த சென்சாருக்கு வரும்போது திரையில் 5 ஹெர்ட்ஸ் இல்லை, 25க்கு மேல் காட்டுகிறது. பிரேக்கிங் ரெசிஸ்டர் (திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கும் மின்தடை) போடவில்லை.

பதில் 2: மின்கம்பி

அப்படியானால் இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, டிரைவ். இறங்கும் சுமை மோட்டாரை ஜெனரேட்டராக ஆக்குகிறது. அந்த மின்சாரம் போக வழியில்லாமல் பஸ் வோல்டேஜ் ஏறுகிறது. ட்ரிப் ஆகாமல் தப்பிக்க டிரைவ் தானாகவே ராம்பை நீட்டிக்கொள்கிறது. 1 விநாடி ராம்பில் 50லிருந்து 5 ஹெர்ட்ஸுக்கு வர சுமார் 100 மி.மீ. போதும், உங்கள் 150இல் மிச்சமே இருக்கும். நீட்டினால் போதாது. காலியாக இறங்கும்போது திரும்பி வரும் ஆற்றலில் பெரும்பகுதியைக் கியர் உராய்வே தின்றுவிடுகிறது. ஏறும்போது புவியீர்ப்பே பிரேக் மாதிரி உதவுகிறது. அதனால்தான் அந்த இரண்டிலும் தவறு வெளியே தெரியவில்லை.

தூக்கும் இயந்திரத்தில் அந்தத் தானியங்கி ராம்ப் நீட்டிப்பு அணைந்தே இருக்க வேண்டும். ஆனால் ரெசிஸ்டர் போட்ட பிறகே அணைக்கவும். முன்னால் அணைத்தால் நடுவழியில் ஓவர்வோல்டேஜ் ட்ரிப். கணக்கு: 1500 கிலோ × 9.81 × 0.2 = சுமார் 2.9 கிலோவாட். இழப்பு போக 2.4 திரும்பி வரும். மொத்த நேரத்தில் 40 சதவீதம் இறக்கம் என்றால் சராசரி 1 கிலோவாட். 100 ஓம், 1.5 கிலோவாட் ரெசிஸ்டர் போதும். டிரைவ் கையேட்டின் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ரெசிஸ்டரின் வெப்ப சுவிட்சை ட்ரிப் சுற்றில் சேர்க்கவும்.

இரண்டு, பிரேக். 52 ஃபிரேம் என்றால் 0.22 விநாடி. பிரேக் காயிலுக்கு ஏசியை டிசியாக்கித் தரும் ரெக்டிஃபையரின் ஏசி பக்கத்தை மட்டும் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது காயில் மின்னோட்டம் டயோடு வழியே சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் அடங்கும். ரெக்டிஃபையரின் டிசி பக்க முனைகளில் ஒரு ஜம்பர் இருக்கும். அதை எடுத்துவிட்டு, அங்கே காண்டாக்டரின் இன்னொரு போலைப் போடுங்கள்; ஏசியும் டிசியும் ஒன்றாக வெட்டுப்பட வேண்டும். சின்ன ரிலே கூடாது, தீப்பொறியில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் பிரேக் மூடவே மூடாது. வேரிஸ்டர் (வோல்டேஜ் திடீரென எகிறாமல் தடுக்கும் பாகம்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரெக்டிஃபையருக்குத் தனி சப்ளைதானே? விஎஃப்டியின் வெளியீட்டிலிருந்து எடுத்தால் குறைந்த ஹெர்ட்ஸில் வோல்டேஜ் போதாமல் பிரேக் பாதியில் உரசும்.

சங்கிலிச்சக்கரம்

சப்ளை தனிதான், 230 வோல்ட். காயிலில் 104 வோல்ட் டிசி வருகிறது. ஜம்பர் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. ஏறத் தொடங்கும்போது அமுங்குவது எதனால்?

பதில் 1: பூட்டுமுள்

மோட்டார் முறுக்குவிசை எடுப்பதற்கு முன்பே பிரேக் திறக்கிறது. பிரேக் காண்டாக்டரை ஓட்டக் கட்டளையோடு இணைத்திருப்பீர்கள். அதை டிரைவின் பிரேக் கட்டுப்பாட்டு ரிலேவுக்கு மாற்றுங்கள். திறக்கும் அதிர்வெண்ணுக்கு மோட்டாரின் ஸ்லிப்பை (காந்தப்புல வேகத்துக்கும் தண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்) எடுத்துக்கொள்ளலாம்: (1500 − 1430) ÷ 1500 × 50 = 2.3 ஹெர்ட்ஸ். திறப்பதற்கு ஒரு மின்னோட்ட வரம்பும் கட்டாயம் வையுங்கள். மோட்டாருக்குப் போகும் ஒரு ஒயர் கழன்றிருந்தாலும் பிரேக் திறந்துவிடக் கூடாது.

நிறுத்தும்போது கோஸ்ட் ஸ்டாப் (மோட்டாரைச் சட்டென விட்டுவிடுவது) வேண்டாம். ராம்பில் 1 ஹெர்ட்ஸ் வரை வந்து, பிரேக் மூடி, அதன் பிறகும் 0.3 விநாடி மோட்டார் பிடித்திருந்துவிட்டு விட வேண்டும். டிரைவ் உள்ள லிஃப்டில் சுமையை நிறுத்துவது மோட்டாரின் வேலை, நின்றதைப் பிடித்துவைப்பது பிரேக்கின் வேலை. இதெல்லாம் டிரைவின் வெக்டர் முறையில்தான் (முறுக்குவிசையைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் முறை) சரியாக வரும். ஆட்டோ டியூனை (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) மோட்டார் சுழலாத வகையில் செய்யுங்கள். சுமை தொங்கும்போது சுழலும் டியூன் போட்டால் கேரேஜ் கீழே போய்விடும்.

சங்கிலிச்சக்கரம்

ரெசிஸ்டர், டிசி பக்க வெட்டு, பிரேக் வரிசை மூன்றும் முடிந்தன. ஆர்மேச்சர் 9 ஃபிரேமில் மூடுகிறது. முழுச் சுமையோடு இறங்கினால் 3 மி.மீ.க்குள் நிற்கிறது. ஏறும்போது அமுங்கல் இல்லை.

பதில் 2: மின்கம்பி

அவசர நிறுத்தத்தையும் முழுச் சுமையோடு ஒருமுறை சோதித்துவிடுங்கள். அங்கே டிரைவ் உதவாது, முழு வேகத்திலிருந்து பிரேக் மட்டுமே நிறுத்தும். அந்தத் தூரத்தை அளந்து மின்பலகைக்குள் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அளக்கும்போது அது கூடினால் லைனிங்கையும் ஏர் கேப்பையும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.