மறு: எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகளுக்குத் தமிழ்ப்பெயர்

வணக்கம் ஐயா,

நீரிழிவுக்குத் தரும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளுக்கு நீங்கள் சொன்ன பெயரைப் பற்றி எழுதுகிறேன்:

> ‘சோடிய-குளுக்கோசு இணைகடத்தி-2 ஒடுக்கி’ என்று வைக்கலாம்.

சொல்லுக்குச் சொல் சரிதான், மருந்தியல் நூலில் அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்த வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ வாங்கிப் போகிறவருக்கு அதில் என்ன விளங்கும்? என் மாமா சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை நிறைய இருப்பதைப் பார்த்துவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார். அது வேலை செய்ததால்தான் சர்க்கரை அங்கே வந்தது!

நீரிழிவு இல்லாதவரின் சிறுநீரகம் ஒரு நாளில் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசை வடிகட்டி, அதை அப்படியே இரத்தத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி, சுமார் 90 விழுக்காடு, எஸ்ஜிஎல்டி2 என்னும் இணைகடத்திப் புரதத்தின் வேலை. மாத்திரை அதை மறிப்பதால் ஒரு பங்கு சர்க்கரை சிறுநீரோடு கழிந்துவிடுகிறது. அதனால் ‘சர்க்கரைக் கழிப்பி’ என்கிறேன். முதலில் ‘சர்க்கரைப் போக்கி’ என்றுதான் எழுதினேன், அப்புறம் நோயே போய்விடும் என்று படுமே என்று அடித்துவிட்டேன். ‘வடிப்பி’ வடிகட்டியோடு குழம்பும்.

இந்தப் பெயரில் இன்னொரு வசதி. ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்து துடித்தவர்கள், சிறுநீரகத்தில் வேலை செய்கிற மாத்திரை என்றதும் மறுபடி கல் வருமோ என்று பயப்படுகிறார்கள். கழியும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துப் போகும், சிறுநீர் பெருகும் என்று சொன்னால் பயம் குறையும். 2024இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஜிஎல்பி-1 என்ற வேறு வகை நீரிழிவு மருந்து தொடங்கியவர்களைவிட இதைத் தொடங்கியவர்களுக்குக் கல் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. அது மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஒப்பீடுதான், கல்லுக்கு மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் குடிப்பதையும் குறைக்கக் கூடாது.

இந்த மாத்திரைகளைப் பற்றிய பதிவில் ‘கல்லடைப்பு’ என்று போட்டிருப்பதையும் மாற்றிவிடுங்கள். அடைக்காமல் சும்மா கிடக்கும் கல்லும் கணக்கில் உண்டு, ‘சிறுநீரகக் கல்’ போதும்.

‘கழிப்பி’ கழிப்பறையை நினைவூட்டுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கும் அப்படிப் பட்டால் ‘சிறுநீர்வழிச் சர்க்கரை நீக்கி’ எனலாம், நீளம்தான் எனக்குத் தயக்கம். உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?