கறுப்பு வெள்ளை எண்டா சாவு வீட்டுப் படமாம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஆட்களைப் படம் எடுக்கிற நாலு பேர் ஒருவருக்கொருவர் எழுதியவை இவை.

கல்லடியிலிருந்து:

பழைய கல்லடிப் பாலத்துக்குக் கீழே, விடியக்காலம் ஆறு மணியிருக்கும், ஒரு ஐயா கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். 1924இல் திறந்த பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபிறகு இரைச்சல் குறைந்துவிட்டது, மீன்பிடிக்கிற ஆட்கள் ஆறுதலாக இருக்கிறார்கள். நான் கமராவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். என்ன பட்டது என்று கேட்டேன்.

"எங்க மனே படுது? நாலு மணலை மீனும் கொஞ்சம் றாலும்."

கால் மணித்தியாலம் கழித்துத்தான் கேட்டேன், முகத்தை ஒரு படம் எடுக்கட்டா என்று. "என்னத்துக்கு?" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் கமராவை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. "உங்கட முகம் எனக்குப் புடிச்சிருக்கு, ஒரு பிரதி உங்களுக்கும் கொண்டுவாறன்" என்றேன். சிரித்தார். உடனே தோணிக்குள் கிடந்த சேட்டை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டினார். ஈரக் கையால் தலையையும் வாரிக்கொண்டார். எனக்கு வேண்டியிருந்தது வெறும் தோளும் அதில் விழுந்த வலையும். உண்மையைச் சொன்னால் வாய் வரைக்கும் வந்தது, "சேட்டு வேணாம் ஐயா" என்று. சொல்லவில்லை. அவர் எப்படித் தெரியவேண்டும் என்பது அவருடைய விசயம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல்: பின்னால் வாவி பளபளத்தால் கமரா அந்தப் பளபளப்பைக் கணக்கெடுத்து முகத்தைக் கரியாக்கிவிடும். ஆளைப் பாலத்தின் நிழலுக்குள் திருப்பி இருத்தினேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழிருந்து நாடிக்கு வந்தது. முகத்தை மட்டும் அளந்து மூன்று படம், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவருடைய மனிசி வாங்கிப் பார்த்தா. முகம் மாறிவிட்டது. "என்ன மனே இது, சாவு வீட்டுப் படம் மாதிரிக் கிடக்கு? கலர் வரல்லயா?" என்று மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டா. நான் கண்ணியம் என்று நினைத்துச் செய்தது அவவுக்குச் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி. நல்ல காலம், கமராவில் 'ரோ'வாக, அதாவது கமரா பதிந்த மூலத் தரவு அப்படியே இருக்க எடுத்திருந்தபடியால் நிறம் அழியவில்லை. நீலச் சேட்டோடு இன்னொன்று அச்சடித்துக் கொடுத்தேன். இப்போது அதுதான் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

மருதமுனையிலிருந்து:

எனக்கு நடந்தது இதைவிடப் பகிடி. கைத்தறியில் சாரம் நெய்துகொண்டிருந்த ஒரு காக்காவை (இங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வது) கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டுத் திரையில் காட்டினேன். "தம்பி, ஆறு நிறம் போட்டு நெய்யிறன். நிறமெல்லாம் எங்க போன?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கலரிலும் ஒன்று எடுத்தேன். பக்கத்தில் நூல் சுத்திக்கொண்டிருந்த ராத்தா (அக்கா) முகம் வேண்டாம், கையை எடுங்க என்றா. அன்றைக்கு எடுத்ததில் அந்தக் கைதான் திறம். அனுப்பமுதல் அவவிடம் காட்டினேன். ஓரத்தில் முந்தானை தெரிகிறது, அதையும் வெட்டச் சொன்னா. வெட்டினேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

பிள்ளைகள் தண்ணிக்குள் பாய்கிறதைக் கேட்காமல் போனில் எடுத்து ஒரு வாப்பாவிடம் மாட்டினேன். அவருக்கு முன்னாலேயே அழித்தேன். "குப்பைத் தொட்டிக்குள்ளயும் கிடக்கும், அதையும் அழிங்க" என்றார். விவரமான மனிசன்.

மட்டக்களப்பு டவுனிலிருந்து:

தூரத்தில் நின்று நீட்டு லென்சால் களவாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேணும். யுத்த காலத்துச் சுற்றிவளைப்பில் வரிசையில் நின்று, முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற 'தலையாட்டி'க்கு முகம் காட்டிய ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். யாரோ தன் முகத்தைக் குறிவைப்பது அவர்களுக்கு வேறு அர்த்தம்.

காந்தி பூங்காப் பக்கம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இருந்த ஒரு நாள். ஒரு அம்மாவிடம் கேட்டேன். "என்ன எடுத்து என்ன செய்யப்போறாய் மனே? இவன எடு" என்று மடியில் இருந்த படத்தை நீட்டினா. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பழைய அட்டைகளில் கறுப்பு வெள்ளைதானே. 78 சூறாவளி, இடம்பெயர்வு, 2004 சுனாமி என்று போன வீடுகளில் எத்தனையோ பேருக்கு மிஞ்சியது அந்த ஒரு முகம்தான். கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்திருந்தது.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிரதி எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்ரிக்கில் யன்னல் தெரியாமல் இருக்க அதை யன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, என் பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டினேன். பிறகு மடிகணினியில் அழுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போக, அவ திடீரென்று என் கையைப் பிடித்தா. "அத அழிச்சிராத மனே. அது அவன்ட மறு."

தூசு என்று நினைத்திருந்தேன். இடது கண்ணுக்குக் கீழே, கடுகு அளவு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். பொழுதுபட்டுவிட்டது. அவவை இன்றுவரைக்கும் எடுக்கவில்லை.

கல்லடியிலிருந்து:

எந்தத் தாளில் அச்சடித்தாய்? நான் கொடுத்த பளபளப்புத் தாள் ஈரக்காத்துக்குக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டதாம்.

மட்டக்களப்பு டவுனிலிருந்து:

மங்கல் தாள். படத்தைச் சுற்றிவர ஒரு மட்டை வைத்துக் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடு. ஐயாவின் படத்தைப் பிய்க்கப் பார்க்காதே, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். புதுசாக அச்சடி. இந்த முறையும் கலரில்தான்.