பாத்ரூம் பள்ளத்தில் கமோட் சேர் முன்னால் சாய்கிறது, உதவுங்கள்

கேள்வி (காசிமேடு):
அப்பாவுக்கு 71 வயது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. குளியல், காலைக்கடன் எல்லாம் சக்கரம் வைத்த, உட்காரும் இடத்தில் ஓட்டை உள்ள கமோட் சேரில்தான். கூடத்தைவிட பாத்ரூம் தரை 2 அங்குலம் பள்ளம். நேற்று உள்ளே தள்ளும்போது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் சேர் அப்படியே முன்னால் சாய்ந்தது. லுங்கியோடு சேர்த்து இடுப்பைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கை மட்டும் கைப்பிடியை விடவே இல்லை, விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. இன்றைக்குக் குளிக்கவே வேண்டாம் என்கிறார். பிரேக் போட்டாலும் ஈரத்தில் சேர் நகர்கிறது. வேறு சேர் வாங்கிவிடவா?

பதில் (தண்டையார்பேட்டை, வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்):
அவசரப்பட்டு வாங்காதீங்க தம்பி. இந்தச் சேரின் சக்கரம் சின்னது, சின்ன மேடு பள்ளத்துக்கே மாட்டிக்கொள்ளும். பள்ளத்தில் முன்பக்கமாக இறக்கவே கூடாது. சாய்தளம் போடும்வரை படுக்கைக்குப் பக்கத்திலேயே சேருக்கு அடியில் பேசின் வைத்து உட்கார வையுங்கள், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள். நாலு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

கட்டிலிலிருந்து மாற்றும்போது சேர் அவருடைய வலது பக்கம் இருக்கட்டும். நாலு பிரேக்கும் போட்டு, காலியாக இருக்கும்போதே இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். கால்மிதியை மடக்கிவிடுங்கள், அதில் கால் ஊன்றி எழுந்தால் சேர் கவிழும். இடது கையைப் பிடித்து மட்டும் தூக்காதீங்க, தோள் மூட்டு இறங்கிவிடும். நான் பார்த்த வீடுகளில் பாதிப் பேர் அந்தக் கையைத்தான் இழுக்கிறார்கள். படுத்தவரை எழுப்பியதும் இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார வையுங்கள், தலைசுற்றல் வரலாம்.

பதில் (திருவொற்றியூர், வெல்டிங் பட்டறை):
2 அங்குலப் பள்ளத்துக்கு 24 அங்குல நீளத்தில் சிமென்ட் சாய்தளம் போடுங்கள். 1 அங்குலப் பள்ளத்துக்கு 12 அங்குல நீளம் என்பதுதான் கணக்கு. மேலே சொரசொரப்பான டைல்ஸ், தண்ணீர் வெளியேறும் ஜாலி பக்கம் ஓடணும். தனிப்பலகை வேண்டாம், ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே போகும்போது நீங்கள் முதலில் இறங்கி, சேரைப் பின்பக்கமாக இழுங்கள். அப்படியே கிளாசெட் மேல் போய் நிற்கும். வெளியே வரும்போது பின்னாலிருந்து தள்ளுங்கள். இரண்டிலும் நீங்கள் பள்ளத்துப் பக்கம் இருப்பீர்கள், அவர் உடம்பு சேரின் முதுகுச் சாய்மானத்தில்தான் சாயும்.

அப்புறம், சேரைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள். தலைமுடி சுற்றியிருக்கும், பிரேக் ரப்பரில் சோப்புப் படிந்திருக்கும். நம்ம பக்கம் உப்புக்காற்று வேற. பெயின்ட் உரிந்த இடத்தில் வெல்டிங் துருப்பிடித்திருந்தால் அந்தச் சேரில் உட்கார வைக்காதீங்க. சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தால் பழையதைக் கழற்றிப் பாரிமுனைக்கு எடுத்துப்போங்கள், அதே அளவில் பிரேக்கோடு கிடைக்கும்.

கேட்டவர், ஒன்பது நாள் கழித்து:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் ஒரு பிடி முடி வந்தது. இரண்டு சக்கரம் மாற்றியாச்சு. சாய்தளம் போட்டு ஒரு வாரம் காயவிட்டோம். முதலில் என்னை உட்காரச் சொல்லி, தம்பியை இழுக்கவைத்துப் பார்த்தார் அப்பா. இன்று காலை பெல்ட் போட்டு அவரை உள்ளே கொண்டுபோனோம். இரண்டாவது சொம்பு ஊற்றும்போது கைப்பிடியை விட்டுவிட்டு, சோப்பைக் கொடு என்றார்.