ஈரமும் காற்றும் அரிக்கும் அரும்பொருள்கள்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

தஞ்சையிலிருந்து:

மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளைச் செப்பனிடும் வேலை என்னுடையது. பச்சையாக எதைப் பார்த்தாலும் களிம்பு என்று தேய்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பால் சிலைக்குக் கேடில்லை; அதில் கைவைக்கவே கூடாது. அஞ்ச வேண்டியது, தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் பொடிக்குத்தான். வெண்கல நோய் அது. மண்ணின் உப்பு உள்ளே புகுந்து, செம்போடு சேர்ந்து, குப்ரஸ் குளோரைடு என்ற சேர்மமாகத் தங்கியிருக்கும். ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டால் பொடியாகும். கூடவே உண்டாகும் அமிலம் அடுத்த அடுக்குச் செம்பை அரிக்கும். அரித்த இடத்தில் மறுபடியும் குளோரைடு.

ஓர் அம்மன் சிலையின் முழங்கை மடிப்பில் அந்தப் பொடி தெரிந்தது. ஊசி முனையால் நீக்கினோம். அடியில் கடுகளவு குழி. நோய் அடங்கிவிட்டதா என்றறிய, ஈரப்பஞ்சோடு பெட்டியில் மூடி வைத்தோம். மறுநாள் காலை அதே குழியில் பச்சை பூத்திருந்தது. செம்பை அரிப்பிலிருந்து காக்கும் பென்சோட்ரையசோல் கரைசலில் ஊறவைத்த பிறகே சிலை காட்சிப் பெட்டிக்குப் போனது.

பெட்டிக்குள் ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் ஏறக்குறைய அடங்கும். நம் கடலோர ஊர்களில் வெளிக்காற்றே 70ஐத் தாண்டுகிறது. அதற்குத்தான் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் எடுத்து, அடுப்பில் உலர்த்தி, நீலம் திரும்பியதும் வைக்க வேண்டும். பெட்டி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், இதைக் கவனிக்க ஓர் ஆளையும் ஒதுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து:

இங்கே ஒரு முழுக் கப்பலையே இப்படிக் காக்கிறார்கள். பொறியாளர் புருனெல் வடிவமைத்து 1843இல் நீரில் இறங்கிய இரும்புக் கப்பல் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970இல் மீட்டு, கட்டிய துறைக்கே கொண்டுவந்தார்கள். இரும்புக்குள் ஊறிய கடலுப்பு, கரைக்கு வந்த பிறகும் அரித்துக்கொண்டே இருந்தது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் அரிப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும் என்று கண்டார்கள்.

அதனால் நீர்மட்டக் கோட்டில் சுற்றிலும் கண்ணாடி பதித்து, அதன்மேல் மெல்லியதாகத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கப்பல் மிதக்கிறது. படியிறங்கிக் கண்ணாடிக்கு அடியில் போனால் எந்திரங்கள் உலர்த்திய காற்று, உதடு காய்ந்துவிடுகிறது. அடிப்பாகத்தில் ஓட்டை விழுந்த தகடுகளை மறைக்காமல் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எந்திரத்தை நிறுத்தினால் இழக்கப்போவது எது என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

வாஷிங்டனிலிருந்து:

எல்லாவற்றையும் அப்படி உலர்த்திவிட முடியாது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் விலங்குத் தோலில் எழுதப்பட்டது. மிகவும் காய்ந்தால் தோல் விறைத்துவிடும். 1951இல் ஹீலியம் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கண்ணாடியே சிதையத் தொடங்கியது. 2003 முதல் ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிகள். ஆக்ஸிஜனை வெளியேற்றினாலும் ஈரப்பதத்தை 40 சதவீதம் அளவில் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சை நண்பரிடம் ஒரு கேள்வி: தோலுறையோடு கிடைத்த வாளை என்ன செய்வீர்கள்?

தஞ்சையிலிருந்து:

கழற்ற வந்தால் தனித்தனிப் பெட்டி. துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால் வலிந்து பிரிப்பதில்லை. ஈரப்பதத்தை 40 சதவீதத்தை ஒட்டி வைத்துவிட்டு, துரு பரவுகிறதா என்று அடிக்கடி படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.