கன்னத்தில் திட்டு, மோவாயில் அடர்த்தி: தாடியை எப்படிச் சமன் செய்வது?

தாடிக்குப்_புதியவன்:

வயது 24. மீசையும் மோவாய்த் தாடியும் நன்றாக அடர்ந்து வருகின்றன. கன்னத்தில்தான் சிக்கல். இடக் கன்னத்தில், வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இடம் காலி. உற்றுப் பார்த்தால் அங்கே பூனைமுடி இருக்கிறது. வலக் கன்னம் பரவாயில்லை, ஆனால் அதுவும் மெல்லிசுதான். மீசை நுனி இரண்டு பக்கமும் மோவாய்த் தாடியோடு சேரவில்லை.

ஒரு மாதம் போல விடுவேன். கன்னாபின்னாவென்று தெரிய ஆரம்பித்ததும் ட்ரிம்மரில் 3 மில்லிமீட்டர் கார்டு (வெட்டும் நீளத்தைத் தீர்மானிக்கும் சீப்பு) போட்டு முகம் முழுக்க ஒரே அளவில் ஓட்டிவிடுவேன். ஓட்டியதும் அந்தத் திட்டு முன்பைவிடப் பளிச்சென்று தெரிகிறது.

அடிக்கடி ஷேவ் செய்தால் அடர்த்தியாகும் என்கிறார்கள், உண்மையா? எவ்வளவு காலம் கை வைக்காமல் விட வேண்டும்? எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் வைக்க வேண்டும்? மினாக்சிடில் (முடி வளரத் தடவும் மருந்து), டெர்மா ரோலர் (நுண் ஊசிகள் பதித்த உருளை) போகலாமா?

கத்தரியும்_சீப்பும்:

முகம் முழுக்க ஒரே கார்டு ஓட்டுவதில்தான் தப்பு நடக்கிறது. 3 மில்லிமீட்டர் முடி ஏறக்குறைய நட்டமாக நிற்கும். மோவாயில் முடி நெருக்கம், அதனால் தோல் மறைந்துவிடும். கன்னத்தில் இடைவெளி அதிகம். ஒரு முடியின் நுனி பக்கத்து முடியை எட்டாது, நடுவில் தோல் தெரியும். அடர்ந்த இடம் கறுப்பாகவும் மெல்லிய இடம் வெளுப்பாகவும் அடுத்தடுத்து நிற்பதால் திட்டு எடுத்துக் காட்டுகிறது. அடர்ந்த இடத்தைக் குறைத்து, மெல்லிய இடத்தை நீளமாக விடுவதுதான் வழி.

தாடி ஒரு நாளைக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். ஒரு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மாதம் வளர்த்து 3-க்கு வெட்டும்போது மூன்று வார வளர்ச்சி போய்விடுகிறது. உங்கள் திட்டு கட்டைவிரல் நுனி அளவு, அதாவது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரம். பெரும்பாலானவர்களுக்குக் கன்னமுடி கீழ்நோக்கித்தான் சாயும். திட்டுக்கு மேலே இருக்கும் முடி 15 முதல் 20 மில்லிமீட்டர் வந்தால்தான் தானாகப் படிந்து அதை மூடும். அதற்கு எட்டு வாரம் ஆகும். மூன்றாவது, நான்காவது வாரம்தான் தாடி பார்க்க மிக மோசமாக இருக்கும். முடி நிற்கவும் செய்யாது, படியவும் செய்யாது. நிறையப் பேர் அந்த வாரத்தில்தான் ட்ரிம்மரை எடுக்கிறார்கள்.

அந்த எட்டு வாரத்தில் கை வைக்க இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று, உதட்டின் மேல் விழும் மீசைமுடி. அதைக் கத்தரியால் உதட்டோரமாக மட்டும் வெட்டுங்கள். இன்னொன்று கழுத்து. தொண்டையில் துருத்தி நிற்கும் மேட்டுக்கு மேலே இரண்டு விரலைப் படுக்கவைத்துப் பாருங்கள். மேல்விரலின் மேல்விளிம்புதான் தாடியின் கீழ் எல்லை. அங்கிருந்து இரண்டு பக்கமும் லேசாக வளைந்து காதுமடலின் பின்பக்கம் வரை ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் மழியுங்கள். தாடை எலும்பை ஒட்டியே கோடு போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தாடைக்கு அடியில் இருக்கும் முடிதான் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தாடிக்குக் கனம் தருகிறது. அதை எடுத்துவிட்டால் மெல்லிய தாடி இன்னும் மெல்லிசாகிவிடும், பேசும்போது கழுத்துச் சதையும் தெரியும்.

கன்னத்தின் மேல்கோட்டைத் தொடவே வேண்டாம். நேராக்குகிறேன் என்று ஆரம்பித்தால் இடக்கோடு ஒரு இழை இறங்கும், அதற்கு ஈடாக வலக்கோட்டை இறக்குவீர்கள், பிறகு மறுபடி இடம். இப்படியே திட்டை மூட வேண்டிய முடி முழுவதும் போய்விடும். கோட்டிலிருந்து மிகவும் தள்ளி, கண்ணுக்குக் கீழே தனியாக நிற்கும் நாலைந்து முடிகளை மட்டும் எடுங்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் வெட்டும் முறை: தாடியைக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, முடி சாயும் பக்கமாகச் சீவுங்கள். ஈரத்தில் வெட்டாதீர்கள். ஈரமுடி நீண்டு தொங்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். சுருட்டை முடிக்கு இந்த வித்தியாசம் ரொம்ப அதிகம். மோவாயிலும் அதன் அடியிலும் முதலில் 15 கார்டு போட்டுப் பாருங்கள், போதாவிட்டால் 12. தாடையின் பக்கவாட்டுக்கு 15. கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சீப்பில் பிடித்துக் கத்தரியால் நறுக்குங்கள். கிருதா பொதுவாக அடர்த்தி என்பதால் காதுக்கு நேரே 6, காதுமடலுக்குக் கீழே 9. ஒரு அளவிலிருந்து அடுத்த அளவுக்குப் போகும் இடத்தில் ட்ரிம்மரைத் தோலோடு அழுத்தி இழுக்காமல் வெளிப்பக்கமாகத் தூக்கி எடுத்தால்தான் படி விழாது. முதல் சுற்றை முடி சாயும் பக்கமாகவே ஓட்டுங்கள். எதிர்ப்பக்கமாக ஓட்டினால் அதே கார்டில் இன்னும் குட்டையாக வெட்டுப்படும். கழுத்தில் சுழி இருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் திசை மாறும். அதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டு, திட்டு விழுந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு.

மீசை நுனியை வெட்டாதீர்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் வந்ததும் கீழ்நோக்கிச் சீவிவிட்டால் அதுவே மோவாய்த் தாடியைத் தொட்டுவிடும். உங்களுக்கு அந்த இணைப்பு தனியாக முளைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தோல்_பக்கம்:

ஷேவ் செய்தால் அடர்த்தியாகாது. முடியின் வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, பிளேடு மேலே இருப்பதைத்தான் வெட்டுகிறது. இயல்பான முடிக்குக் கூரிய நுனி உண்டு. வெட்டியதும் நுனி தட்டையாகிவிடுவதால் தடவும்போது முரடாகவும், பார்க்கத் தடிப்பாகவும் தெரிகிறது. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-லேயே சிலருடைய தாடியை அளந்து, ஷேவ் செய்வதால் முடியின் தடிமனும் வளரும் வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார்.

24 வயதில் கன்னம் மெல்லிசாக இருப்பது குறையே இல்லை. பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றுவது ஆண் ஹார்மோன்கள், குறிப்பாக டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். ரத்தத்தில் அது எவ்வளவு ஓடுகிறது என்பதைவிட, ஒவ்வொரு வேரும் அதற்கு எவ்வளவு இசைகிறது என்பதுதான் இங்கே கணக்கு. அந்த இசைவு பரம்பரையாக வருவது. வழக்கமாக மீசைதான் முதலில் வரும், கன்னம் முழுதாக நிறைய நாளாகும். பலருக்கு முப்பது வரைகூடக் கன்னம் நிறைந்துகொண்டே வரும். ஹார்மோன் கூடினால் தாடி வரும் என்று நம்பித் தானாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு விந்தணு உற்பத்தி குறைந்துவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் திட்டில் பூனைமுடி இருக்கிறது என்று எழுதியது நல்ல தகவல். முன்பு தாடி இருந்த இடத்தில் திடீரென்று வட்டமாக, வழவழவென்று, முடியே இல்லாமல் ஆனால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதன் ஓரத்தில் அடியில் மெலிந்து நுனியில் தடித்த குட்டை முடிகள் நிற்கும். அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது. அங்கே வெங்காயச்சாறு தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். திட்டு சிவந்து, செதில் உதிர்ந்து, அரித்து, முடியை லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் படர்தாமரை. தாடியில் வந்த படர்தாமரைக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும், களிம்பு மட்டும் வேர்வரை எட்டாது. அரிப்பு அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அரிப்பு குறையும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். அப்புறம் அதை அடையாளம் காண்பதே கஷ்டம்.

பயோட்டின் (முடிக்கென்று விற்கும் வைட்டமின்) மாத்திரை: உடலில் குறைபாடு இருந்தால் ஒழிய அதனால் தாடி வளராது. கூடுதல் அளவில் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு, மாரடைப்பு ரத்தப் பரிசோதனை முடிவுகள் தவறாகக் காட்டக்கூடும். சாப்பிட்டால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூணு_மில்லி:

கத்தரியும்_சீப்பும் சொன்னது கன்னத்தில் பாதிக்கு மேல் முடி இருப்பவர்களுக்குப் பொருந்தும். கன்னத்தில் அங்கொன்று இங்கொன்றாக மட்டும் இருந்தால் எட்டு வாரம் காத்தாலும் மூட முடியாது, இழை இழையாகத் தொங்கும். அவர்களுக்குக் குட்டைத் தாடிதான் அழகு, ஆனால் அதிலும் ஒரே கார்டு கூடாது. மோவாய் 2, தாடை ஓரம் 3, கன்னம் 4 என்று வைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நிறம் ஒன்றாகிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை மோவாயை மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அடர்ந்த இடம்தான் முதலில் மிஞ்சிக்கொண்டு தெரியும்.

அதுவும் ஒத்துவராவிட்டால் கன்னத்தைச் சுத்தமாக மழித்துவிட்டு மீசையும் மோவாயும் மட்டும் வைப்பது. முடி சுருட்டையாக இருந்தால் ரொம்ப ஒட்ட மழிக்காதீர்கள். வெட்டிய நுனி தோலுக்குள் திரும்பிக் குத்திக் கொப்புளமாகும். ஒற்றை பிளேடு, முடி சாயும் பக்கம், ஒரே இழுப்பு.

தாடிக்குப்_புதியவன்:

எல்லோருக்கும் நன்றி. எனக்குப் பாதிக்கு மேல் முடி இருக்கிறது, அதனால் எட்டு வாரம் விடப் போகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். இடப்பக்கம் முடி எப்போதும் வெளியே பிய்த்துக்கொண்டு நிற்கிறது, வலப்பக்கம் படிந்திருக்கிறது. இதை எப்படிப் படியவைப்பது? தாடிக்கு எண்ணெய் போட்டால் கன்னத்தில் பரு வருகிறது. மினாக்சிடில் பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டில் பூனை வேறு இருக்கிறது, அது மடியிலேயே கிடக்கும்.

கத்தரியும்_சீப்பும்:

பிய்த்துக்கொண்டு நிற்பது பாதி முளைக்கும் திசை, பாதி நீங்கள் ஒருக்களித்துப் படுக்கும் பக்கம். வெட்டிச் சரிசெய்யாதீர்கள், குட்டையானால் இன்னும் நட்டமாக நிற்கும். குளித்த பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் கீழேயும் மோவாய்ப் பக்கமாகவும் இழுங்கள். காய்ந்ததும் குளிர்காற்றை அரை நிமிடம் காட்டினால் அந்த வடிவிலேயே நிற்கும். பிறகு பட்டாணி அளவில் பாதி, தேன்மெழுகு கலந்த தாடிக் களிம்பு (பாம்). உள்ளங்கையில் உருக்கித் திட்டுக்கு மேலே இருக்கும் முடியில் மட்டும் தடவி, திட்டின் மேல் சீவிவிடுங்கள்.

எண்ணெய் தாடியை வளர்க்காது, முடியை மிருதுவாக்கி அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். உங்கள் நீளத்துக்கு மூன்று சொட்டு போதும். ஜோஜோபா எண்ணெய் பெரும்பாலான தோலுக்கு ஒத்துப்போகும், தேங்காய் எண்ணெய் பரு வரும் தோலில் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். முடியில் தடவுங்கள், தோலில் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டாம்.

இரண்டு பக்கமும் சமமா என்று கண்ணாடியில் பார்த்தபடியே வெட்டாதீர்கள். ஒரே வெளிச்சத்தில், நேராக, கை எட்டும் தூரத்தில் போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு, அதிகமாக இருக்கும் பக்கத்தில் மட்டும் கை வையுங்கள்.

தோல்_பக்கம்:

அரிப்போடு எண்ணெய்ப் பசையுள்ள செதிலும் உதிர்ந்தால் அது தாடிப் பொடுகு. அதற்கு எண்ணெய் போட்டால் கூடும். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, தோல் வரை நுரைத்து 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் அடங்கும்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது, பிறகுதான் தலைமுடிக்குத் தடவும் மருந்தானது. தாடிக்கென்று அங்கீகாரம் பெற்றதல்ல. ஆனால் தாய்லாந்தில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 3 சதவீதக் கரைசலை 16 வாரம் தடவியவர்களுக்குப் போலி மருந்து (மருந்தே கலக்காத கரைசல்) தடவியவர்களைவிடத் தாடி கூடியது. எனவே பலன் உண்டு, ஆனால் நான்கு மாதத்துக்கு முன் எதையும் முடிவு செய்ய முடியாது. முதல் சில வாரங்களில் இருக்கும் முடியே கொஞ்சம் உதிரும், அதற்குப் பயந்து நிறுத்துபவர்கள் அதிகம். தோல் உலர்வதும் எரிவதும் பெரும்பாலும் கரைசலில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலால். நுரை வடிவில் பொதுவாக அது இருக்காது. நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக ஆரம்பிக்கவே கூடாது.

ரோலர் என்றால் வீட்டில் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பரு இருக்கும் இடத்தில் ஓட்டினால் கிருமியை முகம் முழுக்க விதைத்துவிடும். உருட்டிய அன்று மினாக்சிடில் தடவக்கூடாது, ஊசித்துளை வழியே மருந்து ரத்தத்துக்குள் கூடுதலாக இறங்கும். உங்களுக்கு இப்போது பரு வருகிறது, ரோலர் வேண்டாம்.

பூனை இருப்பதாலேயே உங்களுக்கு மினாக்சிடிலும் வேண்டாம் என்பேன். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சரியாக முறிக்க முடியாது, மிகக் குறைந்த அளவே அதன் இதயத்தையும் நுரையீரலையும் பாதித்து உயிரை எடுத்துவிடும். தலையில் தடவினாலே எச்சரிக்கை தேவை. நீங்கள் தடவப்போவது அது வந்து முகம் உரசும் கன்னத்தில். தலையணை உறையில் ஒட்டியதை நக்கினாலும் ஆபத்துதான். பூனை ஏற்கனவே அதை நக்கியிருந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், போகும்போது மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.