பெரிய வீட்டுக் குழு: செரோவே

சுதா அத்தை: இளங்கோ, நீ அனுப்பிய படத்தில் வங்கி, பேருந்து நிலையம் எல்லாம் தெரிகின்றன. இதையா கிராமம் என்கிறாய்?

இளங்கோ: ஆமாம் அத்தை. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தாலும் தெற்கு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் செரோவே கிராமம்தான். வயல் ஓரிடம், மாட்டுப்பட்டி அதைவிடத் தொலைவில், வீடு இங்கே. பழைய வழக்கப்படி ஒரு குடும்பத்துக்கு மூன்று இருப்பிடங்கள்.

பெரியப்பா: பழைய ஊரா?

இளங்கோ: இல்லை பெரியப்பா. இந்த மக்களின் தலைநகர் ஷோஷோங்கிலிருந்து 1889இல் பழைய பலாப்யேவுக்கு மாறியது; அங்கும் தண்ணீர் வற்றியதால் 1902இல் அரசர் மூன்றாம் காமா மக்களை இங்கே அழைத்து வந்தார்.

சுதா அத்தை: தலைநகரையே இரண்டு முறையா? நாங்கள் வாடகை வீடு மாறவே ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

தாத்தா: அரசர் சொன்னால் மறுபேச்சு இல்லையோ?

இளங்கோ: பேசுவதற்கென்றே கோட்லா இருக்கிறது தாத்தா. மரக்கட்டைகளை அரைவட்டமாக நட்ட ஊர் மன்றம். 1948இல் காமாவின் பேரனும் அரச வாரிசுமான செரெட்ஸே, லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அவருக்காக ஆட்சியைக் கவனித்துவந்த சித்தப்பா ட்ஷெகெடிக்குக் கடும் கோபம். முதலில் நடந்த கூட்டங்களில் ஊரும் எதிர்த்தது. 1949 ஜூனில் கூடியபோது பெருந்திரளாக எழுந்து செரெட்ஸேயை அரசராக ஏற்றார்கள்.

மீனா: அப்புறம் என்ன, சிக்கல் தீர்ந்துவிட்டதே!

இளங்கோ: ஊர் ஏற்றதை, அப்போது இந்த நாட்டை ஆண்ட பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. நிறவெறித் தென்னாப்பிரிக்காவைப் பகைக்க மனமில்லை. 1950இல் நாடு கடத்தினார்கள். 1956இல்தான் திரும்பினார். 1966இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்.

பெரியப்பா: பெண் எடுத்தவனுக்கும் ஊருக்கும் சம்மதம். நடுவில் லண்டனுக்கு என்ன வேலை?

சுதா அத்தை: அரசர் வீட்டுக் கதை போதும். மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இளங்கோ: நான் சொல்ல விரும்பியதே அதுதான் அத்தை. தென்னாப்பிரிக்க அரசுப் பதவியை உதறிய பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க், 1963இல் இங்கே ஸ்வனெங் ஹில் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களும் சேர்ந்தே கட்டடம் எழுப்பினார்கள். மேல்படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக 1965இல் ‘பிரிகேடு’கள் வந்தன. கொத்து வேலை, தச்சு வேலை கற்றுக்கொண்டே அந்த உழைப்பில் பயிற்சிச் செலவை ஈட்ட வேண்டும். எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட்டும் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1964இல் ஆசிரியராக வந்தவர். குடியுரிமை 1979இல்தான் கிடைத்தது.

சுதா அத்தை: பதினைந்து வருடமா! ஊர் நல்ல ஊர், அலுவலகம் எங்கும் ஒன்றுதான்.

தாத்தா: அந்த மன்றத்தின் படம் ஒன்று அனுப்பு.

இளங்கோ: கூட்டம் நடக்கும்போது எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புகிறேன் தாத்தா.