மறு: பாலைவனத்து வறண்ட ஏரிக்கு ஒரு சொல் (விண்கல் கட்டுரை, அவசரம்)

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்கு, விண்கல் தேடுபவர்களைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் 'ட்ரை லேக்' என்பார்கள், புவியியல்காரர்கள் 'பிளாயா' என்பார்கள்.

பாலைவனத்தில் நீர் வெளியேற வழியில்லாத ஒரு பள்ளம். எப்போதோ பெய்யும் மழையில் வெள்ளம் வந்து தேங்கும், வெயிலில் ஆவியாகும், களிமண்ணும் உப்பும் படிந்து மட்டமான தரை மிஞ்சும். நிறம் வெளிர். சுற்றியுள்ள மலைகளிலிருந்து வரும் கற்கள் ஓரத்திலேயே நின்றுவிடும், நடுப்பகுதிக்கு நுண்வண்டல் மட்டுமே வந்து சேரும். ஆகவே நடுவில் ஒரு கறுப்புக் கல் தனியே கிடந்தால், அது மேலிருந்து விழுந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காற்றை உரசி இறங்கும்போது மேற்பரப்பு உருகி உறைவதால் விண்கல்லுக்குக் கருந்தோல் வந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ரோசமண்ட், லூசெர்ன், கயோட்டி, பக்கத்தில் நெவாடாவில் ரோச் என்று பல இடங்களில் இப்படிப் பொறுக்கியிருக்கிறார்கள். கைத்தடியின் நுனியில் காந்தம் கட்டிக்கொண்டு நடப்பார்களாம். பெரும்பாலான விண்கற்களில் இரும்பு-நிக்கல் உலோகம் இருப்பதால் காந்தம் இழுக்கும்.

'வறண்ட ஏரி' என்று எழுதினேன். ஆசிரியர் குழுவில் ஒருவர், "எந்த மாவட்டத்தில்? ஆக்கிரமிப்பா?" என்று கேட்கிறார். பத்திக்குப் பத்தி வரும் சொல், தயவுசெய்து உதவுங்கள்.

ம.

———

அம்மா,

இதற்கு இத்தனை கவலை வேண்டாம். வற்றேரி. வற்று + ஏரி; குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியது. வினைத்தொகையாதலால் வற்றிய ஏரி, வற்றுகின்ற ஏரி, வற்றும் ஏரி என முக்காலமும் அடங்கும். நீங்கள் சொல்லும் நிலம் அப்படித்தானே? நேற்றும் வற்றியது, இனியும் வற்றும். ஆங்கிலத்தின் 'ட்ரை' இந்தக் காலநுட்பத்தைத் தருமா?

மேலும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் 'ஏர் ஏரி' என்றே ஒரு பெரிய வற்றேரி உண்டு என்று படித்தேன். ஏரி என்பது ஏரிலிருந்து பிறந்த சொல் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். 'காட்டி தண்டா' என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டாம். காட்டி, தண்டா இரண்டும் தமிழ் ஒலி. ஆய்வுக்குரியது.

புலவர், தஞ்சை

———

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

அந்த 'ஏர்' எட்வர்டு ஜான் ஏர் என்ற ஆங்கிலேயப் பயணியின் பெயர். காட்டி தண்டா அங்குள்ள அரபானா மக்களின் மொழி. 2012 முதல் இரண்டு பெயரையும் சேர்த்தே அரசு எழுதுகிறது. ஆய்வுக்குரியது எதுவும் மிச்சமில்லை.

என் மறுப்பு 'வற்று' மீதல்ல, 'ஏரி' மீது. நம் ஊர் ஏரி மனிதர் கட்டியது. கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு எல்லாம் உண்டு. மொஹாவியில் கரை எங்கே, மதகு எங்கே? வற்றேரி என்றாலும் உலரேரி என்றாலும் வாசகர் மனதில் வருவது மே மாதத்து வீராணம்தான்.

இன்னொன்று. பிளாயாவில் இரண்டு வகை உண்டு. நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால் தரை இறுகிக் கிடக்கும், கார் ஓட்டலாம், விமானமே இறக்கலாம். நீர் மேலே இருந்தால் ஆவியாகும்போது உப்பை மேலே கொண்டுவந்து விடும். மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. இரண்டாவது வகையை வறண்டது என்று எப்படிச் சொல்வது? அம்மா, கட்டுரையில் ஆஸ்திரேலியாவில் விழுந்த முர்ரிலி விண்கல் வருகிறதா?

(புவியியல் துறை – பு.து., பணி ஓய்வு)

———

வருகிறது ஐயா, அதுதான் கட்டுரையின் பாதி. 2015 நவம்பர் 27 அன்று தெற்கு ஆஸ்திரேலிய வானில் விழுந்த தீக்கோளத்தைத் தானியங்கிக் கேமராக்கள் படம் பிடித்தன. வரும்போது சுமார் 37 கிலோ, வேகம் நொடிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டதில் விழுந்த இடம் காட்டி தண்டா ஏரியின் தென்பகுதியில், அதுவும் நடுவில் என்று வந்தது. சிறுவிமானத்தில் தாழப் பறந்து பார்த்தபோது சேற்றில் 60 செ.மீ. வட்டமாக ஒரு தடம். டிசம்பர் 31 அன்று 42 செ.மீ. ஆழத்தில் தோண்டி எடுத்தார்கள். கிடைத்தது 1.68 கிலோ.

ம.

———

பார்த்தீர்களா? முழங்கை ஆழச் சேற்றிலிருந்து எடுத்த கல்லை 'வறண்ட ஏரியில் கிடைத்தது' என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்காதா?

(பு.து.)

———

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், வேலை பெங்களூரில். இந்தச் சண்டையே தேவையில்லை. எங்கள் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது: தருவை. செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய பள்ளம். நல்ல மழை பெய்தால் கடல் மாதிரி நிற்கும், அப்புறம் வற்றி வெறுந்தரையாகக் கிடக்கும். யாரும் கட்டியது கிடையாது. புத்தன்தருவை, வைரவன்தருவை என்று ஊர்ப்பெயரே உண்டு. பு.து. ஐயாவின் மறுப்பு இதற்குப் பொருந்தாது. வாழும் சொல்லை விட்டுவிட்டுப் புணர்ச்சி விதியில் ஏன் புதுச்சொல் செய்கிறோம்?

———

தம்பி சொன்னதைப் பார்த்துத் திகைத்துப் போனேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் தரவை என்பதும் ஏறக்குறைய இதுதான். கடலேரிக்குக் கிட்டவுள்ள தட்டை வெளி. மாரியில் வெள்ளம் நிற்கும். கோடையில் காய்ந்து, புல் இருந்தால் மாடு மேயும், இல்லாவிட்டால் பெடியன்கள் கிரிக்கெற் விளையாடுவார்கள். மட்டக்களப்பிலும் இந்தச் சொல் புழங்குகிறது. தருவையும் தரவையும் ஒரு சொல்லின் இரு வடிவமா? கடலின் இரண்டு கரையிலும் ஒரே சொல் என்றால் இதைவிட என்ன வேண்டும்?

———

மிக நன்று! ஒரு சொல்லேதான் என்பது என் துணிபு. 'தரவு' என்பது தருவதன் தொழிற்பெயர். வெள்ளம் மண்ணைக் கொண்டுதந்த இடம் தரவை. தரையும் அதே வேர் என்பேன். ஆக வண்டல் படிந்த தரை என்ற அறிவியல் விளக்கமே சொல்லுக்குள் இருக்கிறது. (ஆயினும் வற்றேரியைக் கைவிடவில்லை.)

மூதுரையில் 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்' என்று வருவதை யாரும் நினைவூட்டவில்லையே. அற்ற குளம் என்றால் நீரற்ற குளம். அறுநீர்ப்படுகை என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு இனிமையாக இல்லையா?

அப்புறம் 'விண்கல்' என்ற சொல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். புறநானூறு 229இல் கூடலூர் கிழார், 'ஒருமீன் விழுந்தன்றால் விசும்பினானே' என்கிறார். மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு ஏழு நாள் முன்பு கண்ட காட்சி. வீழ்மீன் என்ற சொல் கையில் இருக்க, கல் எதற்கு?

புலவர், தஞ்சை

———

ஐயா, வானில் ஒளியாக ஓடுவது மீன். கீழே விழுந்து, கையில் எடுத்து, எடை போடுவது கல். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். விழுவதில் மிகப் பெரும்பகுதி மேலேயே எரிந்து தீர்ந்துவிடும். கிழார் பார்த்தது தரைக்கு வந்ததா என்று அவரும் சொல்லவில்லை. விண்கல் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

(பு.து.)

———

நான் தருமபுரியில் புவியியல் ஆசிரியை. எல்லோரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் நான் பிளாயா என்றே சொல்கிறேன். போட்டித் தேர்வுக் கேள்வியில் அப்படித்தான் கேட்பார்கள். தருவை என்று நான் சொல்லிக்கொடுத்து, பிள்ளை தேர்வறையில் விழித்தால் நீங்களா வந்து மதிப்பெண் போடுவீர்கள்? 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார்.

———

அவர் வழிவிட்டது வடசொல்லுக்கு, ஸ்பானியச் சொல்லுக்கு அல்ல! அதிலும் ஸ்பானிய மொழியில் பிளாயா என்றால் கடற்கரை. கடலே இல்லாத நெவாடாவில் கடற்கரையாம். அவர்கள் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

புலவர்

———

ஐயா கவலைப்பட வேண்டாம், இதைவிட விசித்திரம் உண்டு. மொஹாவியில் விண்கல் கிடைத்த இன்னொரு ஏரியின் பெயர் முரோக். அங்கே குடியேறிய கோரம் குடும்பத்தின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் முரோக். அதே ஏரிக்கு இப்போது ரோஜர்ஸ் என்று பெயர், விண்வெளி ஓடங்கள் வந்து இறங்கிய இடம். நாமும் புலவர் ஐயாவின் பெயரைத் திருப்பிப் போட்டு இந்த இழையை முடித்துவிடலாமா?

அப்புறம் மரணப் பள்ளத்தாக்கில் ரேஸ்டிராக் என்று ஒரு பிளாயா. அதில் கற்கள் தாமே நகர்ந்து நீளமாகக் கோடு போட்டிருக்கும். குளிர்காலத்தில் ஆழமில்லாத நீர் உறைந்து, மெல்லிய பனித்தகடு உடைந்து, காற்று அதைத் தள்ள, தகடு கல்லைத் தள்ளுகிறது என்று 2013 குளிர்காலத்தில் நேரில் பார்த்து உறுதி செய்தார்கள். என் கேள்வி: பிளாயாவில் எடுத்த சிறு விண்கல், விழுந்த இடத்திலேயேதான் கிடந்தது என்று எப்படிச் சொல்வது?

(பெங்களூர், தருவைக் கட்சி)

———

நல்ல கேள்வி. பல நேரம் சொல்ல முடியாது. வெள்ளமும் காற்றும் சிறு கற்களை இடம் மாற்றிவிடும். அதனால்தான் பக்கத்தில் கிடைத்த இரண்டு துண்டுகள் ஒரே வீழ்ச்சியைச் சேர்ந்தவையா என்று ஆய்வகத்தில் கனிமங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விண்கல்லுக்குக் கிடைத்த இடத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். நிறையக் கிடைக்கும் இடமென்றால் பெயருக்குப் பின் எண். எனவே 'ரோச் ட்ரை லேக்' என்று பதிவான கல்லை 'ரோச் வற்றேரி' என்று மாற்றி எழுதிவிடாதீர்கள் அம்மா. சிறப்புப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

என் முன்மொழிவு: வறண்ட, உலர், வற்று எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஏரித்தரை போதும். ஏரி மீது எனக்குக் குறை உண்டுதான், ஆனால் 'தரை' சேர்ந்ததும் மதகும் கலங்கலும் மனதிலிருந்து போய்விடுகின்றன. சேறானாலும் கெட்டியானாலும் தரை தரைதான்.

(பு.து.)

———

ஏரித்தரை என்றால் நீருக்கு அடியில் இருக்கும் தரை அல்லவா? எல்லா ஏரிக்கும் அடியில் தரை உண்டே. சொல் வேறுபடுத்திக் காட்ட வேண்டியதைக் காட்டவில்லை.

(யாழ்ப்பாணம்)

———

அதே குறைதான் எனக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்குப் புரியும். பிளாயா என்பதை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் நான் ஏரித்தரைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

(தருமபுரி)

———

நேரமாகிவிட்டது, பக்கங்கள் கிளம்பிவிட்டன. முதல் இடத்தில் 'மழைக்கு மட்டும் நீர் காணும் பாலைவன ஏரித்தரை, புவியியலில் பிளாயா' என்று விளக்கியிருக்கிறேன். பிறகு எங்கும் ஏரித்தரை. தருவை, தரவை இரண்டையும் பெட்டிச் செய்தியாகப் போடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அந்த இடத்தை அமெரிக்கப் பொதுநில விதி பிடித்துக்கொண்டது. அங்கே ஒருவர் ஆண்டுக்கு 10 பவுண்டு எடை வரை விண்கல்லைச் சொந்தச் சேகரிப்புக்கு எடுக்கலாம், விற்கக் கூடாது என்பது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்கிறார்.

அடுத்த இதழுக்கு: ஒரே விண்கல் உடைந்து, துண்டுகள் நீள்வட்டமாகச் சிதறி விழும் நிலப்பரப்புக்கு என்ன சொல்? அவசரமில்லை.

ம.

———

சிந்துகளம். வீழ்களம். சிதறுபுலம். விரிவாக நாளை எழுதுகிறேன். ஏரித்தரைக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

புலவர், தஞ்சை

———

என்னுடையதையும். தமிழ் விக்கிப்பீடியாவில் 'தருவை' என்று கட்டுரை தொடங்கிவிட்டேன், அதை நீக்க வேண்டும் என்ற அறிவிப்பையும் (நீக்கல் வார்ப்புரு) போட்டுவிட்டார்கள். கணக்கு வைத்திருப்பவர்கள் பேச்சுப் பக்கத்துக்கு வந்து ஒரு வரி எழுதுங்கள். யாழ்ப்பாணத்து அண்ணனிடம் தரவையின் படம் இருந்தால் கோடையில் எடுத்ததாக அனுப்பவும், புல் தெரியாமல்.

(பெங்களூர்)